சந்திரம்மாள் சொல்லாதது

எழிலரசி கால்நடை மருத்துவம் படித்து முடித்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஐந்தரை வருஷம் அவள் என்ன படிக்கிறாள் என்றுகூடக் கேட்காத வடக்குப்பட்டு ஜனங்கள், முடித்த மறுநாளிலிருந்து, "அடுத்து இன்னா?" என்று துளைக்க ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் ஒருத்தி கேட்பாள், பால் ஊற்றப் போனால் இன்னொருத்தி கேட்பாள்.

கையில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, சென்னையில் டாக்டர் கோதண்டராமன் நடத்தும் நாய், பூனை ஆஸ்பத்திரி. ஏசி அறை, கை நிறையச் சம்பளம். இன்னொன்று, ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகப் போய் ஆடு மாடு பார்க்கும் நடமாடும் ஊர்தியில் ஒப்பந்த டாக்டர் வேலை. கோதண்டராமனுக்கு இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சரி என்றுதான் சொல்லப்போகிறாள். அம்மா லூர்தம்மாள் பையில் துணிகூட எடுத்து வைத்துவிட்டாள்.

நாய்கள்மேல் எழிலரசிக்குத் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. மாட்டைப் பார்த்தால் பயம், அவ்வளவுதான். போன வருஷம் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒருவர், "வைக்கோல் தவிர ஒண்ணும் போடலம்மா" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். நம்பி வைத்தியம் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் மாடு செத்துப்போனது. அதற்கப்புறம்தான் அந்த மனுஷன், பக்கத்துக் கொல்லையில் கேட்காமல் அறுத்த, மாட்டுக்கு விஷமான மரவள்ளித் தழையைப் போட்டதாக மாரில் அடித்துக்கொண்டு சொன்னார். உன்மேல் தப்பில்லை என்று பேராசிரியர்கள் சொன்னார்கள். சொன்னால் ஆயிற்றா? அன்றிலிருந்து மாட்டுக் கொட்டகை என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள். நாய் வளர்க்கிறவர்களிடம் இந்த வம்பு இல்லை. நாய் தின்ற பிஸ்கட்டின் பெயர் வரைக்கும் ஒப்பித்துவிடுவார்கள்.

காலை ஏழு மணிக்கு அடுத்த வீட்டு சந்திரம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"எழிலு! செவல எய்ந்திருக்க மாட்டேங்குதும்மா. கொஞ்சம் வந்து பாரேன்."

"கவர்மென்ட் டாக்டருக்கு போன் பண்ணீங்களா அத்தே?"

"பண்ணேன். வல்லக்கோட்டை பக்கம் தடுப்பூசி போட்டுகினு கீறாராம். மத்தியானம் ஆவுமாம்."

எழிலரசி தயங்கினாள். லூர்தம்மாள் விடவில்லை. "போடி. அம்மாம் படிச்சது எதுக்கு, பீரோல வச்சிப் பூட்றதுக்கா?"

செவலை கொட்டகையில் ஒருக்களித்துக் கிடந்தது. கண் குழிவிழுந்திருந்தது, பல்லை நறநறவென்று கடித்தது, இடப்பக்க வயிறு புடைத்திருந்தது. சுற்றிலும் பத்துப் பேர் நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அவர்களில் வனமாமலையும் இருந்தார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். எதிர்வீட்டில் குடியிருக்கிறார். சந்திரம்மாள் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனுக்கு அவர்தான் சூப்பர்வைசர். வார லீவு என்பதால் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார்.

"என்ன தின்னுச்சு அத்தே?"

சந்திரம்மாளின் பார்வை ஒரு தடவை வனமாமலை பக்கம் போய் வந்தது. "புல்லுதாம்மா. வேற ஒண்ணும் துன்னல. கம்பெனி காவா பக்கம் மேஞ்சிகினு இருந்திச்சி. அந்தத் தண்ணியக் குடிச்சிருக்கும்."

அவ்வளவுதான், கூட்டம் பிடித்துக்கொண்டது. கால்வாய்த் தண்ணீர்மேல் ஊரில் எல்லோருக்கும் ஏற்கனவே ஆத்திரம். "வெசந்தான் தாயி, சந்தேகமே இல்ல" என்றார் வனமாமலையும்.

விஷத்துக்கான மருந்து எழிலரசியின் பையில் இருந்தது. ஊசியில் ஏற்றினாள். விஷமாக இருந்தால் மாடு பிழைக்கும். இல்லையென்றால், ஏற்கனவே ஓய்ந்துபோன வயிற்றை அந்த ஊசி அடியோடு நிறுத்திவிடும். இன்னொரு மாடு இவள் கையில் போகும், அதுவும் சொந்தத் தெருவில். நேரம் வாங்குவதற்காக மாட்டின் வயிற்றில் முஷ்டியை வைத்து அழுத்தினாள். எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது, பிசைந்து வைத்த மாவில் அழுத்தின மாதிரி. வாலுக்குக் கீழே சாணம் தண்ணியாய் வெளுத்துக் கிடந்தது. புளித்த வாடை அடித்தது.

புல் தின்ற வயிறு இப்படி இருக்காதே என்று யோசித்தபடி நிமிர்ந்தாள். கொட்டகையில் இரண்டு நாள் சாணி அள்ளாமல் கிடந்தது. வைக்கோலும் கயிறும் மூலைக்கு மூலை சிதறியிருந்தன. இத்தனைக்கும் நடுவில் பெரிய பெயிண்ட் பக்கெட் ஒன்று மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, பளபளவென்று கவிழ்ந்திருந்தது.

நேற்று சாயங்காலம் அம்மா வேலைக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அம்மாவும் அதே கம்பெனியில்தான் ஹவுஸ்கீப்பிங். பார்ட்ஸ் வரவில்லை, லைன் நின்றுவிட்டது, செகண்ட் ஷிப்ட் மொத்தத்தையும் வேனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னாள். ஷிப்டைத் திருப்பி அனுப்பலாம், அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றைத் திருப்பி அனுப்ப முடியுமா? மீந்த சோறு கேட்டைத் தாண்டக் கூடாது, குப்பை வண்டிக்குத்தான் போக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். கேன்டீன் பெண்கள் சமயத்தில் ஒரு வாளி வெளியே கொண்டுவருவார்கள் என்பது தெருவுக்கே தெரியும். வனமாமலைக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரியக் கூடாது. அவர் நிற்கிற இடத்தில் சந்திரம்மாள் எப்படி வாயைத் திறப்பாள்?

எழிலரசி ஊசியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஒரகடம் கூட்ரோட்ல போயி சலைன் பாட்டில் எட்டு வாங்கினு வர்றீங்களா? உங்க வண்டிதான் கீது."

அவர் வாய் கொப்பளித்துவிட்டுக் கிளம்பினார். வெந்நீர் போடு, சாக்கு கொண்டுவா என்று மற்றவர்களையும் அவள் கலைத்துவிட்டாள். பிறகு சந்திரம்மாளின் காதருகே குனிந்தாள்.

"அத்தே, உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயும் ஒண்ணும் சொல்ல வாணாம். எத்தினி பக்கெட்டுன்னு வெரல மட்டும் காட்டு."

சந்திரம்மாள் மாட்டைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். முந்தானைக்குள்ளிருந்து இரண்டு விரல் வெளியே வந்தது. எழிலரசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது விரலும் மெல்ல நிமிர்ந்தது.

"சாம்பார் சாதம்மா. கொட்டிடப் போறாங்களேன்னு மனசு கேக்கல. பாலு கூட வருமேன்னு வச்சேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாத. இப்ப எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

தெரிந்துபோனதுதான் தாமதம், மளமளவென்று வேலையில் இறங்கினாள். வயிற்றில் சோறு புளித்து அமிலமாகியிருக்கிறது. தெருக்கடையில் இருந்த ஆப்பசோடாப் பொட்டலம் அத்தனையையும் வாங்கி வரச் சொன்னாள். எடை பார்த்துத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். சலைன் வந்ததும் கழுத்து நரம்பில் ஏற்றினாள், சத்து ஊசி போட்டாள். வயிற்றைப் பிசைந்துவிட்டுக்கொண்டே இருந்தாள். மத்தியானம் அரசு டாக்டர் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதேதாம்மா நானும் பண்ணுவேன், தொடர்ந்து பாருங்க" என்றார்.

சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்த வனமாமலை கேட்டார்: "அப்ப வெசம் இல்லியோ?"

"இல்லண்ணே. அஜீரணம்."

அவர் கரைத்து வைத்திருந்த ஆப்பசோடாவைப் பார்த்தார், கவிழ்ந்திருந்த பக்கெட்டைப் பார்த்தார். பிறகு பாட்டிலையே பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "நேத்து மீந்த சோறு பூராவும் குப்பை வண்டிக்குத்தான் போச்சு. நான் கண்ணால பாத்தேன்."

சந்திரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு டீ போட ஓடினாள்.

நாலு மணிக்கு எழிலரசி இருபதாவது தடவையாக ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் இடப்பக்கம் வைத்தாள். காலையிலிருந்து அங்கே சத்தமே இல்லை. இப்போது உள்ளே எங்கோ ஒரு உறுமல் கேட்டது, ரோட்டில் கன்டெய்னர் லாரி போகிற மாதிரி. ஒரு நிமிஷத்துக்குள் மறுபடியும் கேட்டது. சற்று நேரத்தில் செவலை ஒரு கூடைச் சாணம் போட்டது. பின்னங்காலை ஊன்றி, ஒரு தடவை சறுக்கி, அப்புறம் எழுந்து நின்று உடம்பை உதறியது. எழிலரசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாணிக் கையோடு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வெட்கப்படாமல் அழுது தீர்த்தாள். போன வருஷம் செத்த மாட்டுக்கும் சேர்த்துத்தான் அந்த அழுகை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கோதண்டராமனுக்கு போன் செய்தாள்.

"என்னம்மா, திங்கள்கிழமை வந்துடறீங்களா?"

"மன்னிச்சிக்குங்க சார். நான் வரல. இங்கேயே ஊர்தி வேலைல சேர்றேன்."

"மாட்டைக் கண்டா பயம்னு இன்டர்வியூவுல நீங்களே சொன்னீங்களே. அது போயிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்."

"அப்புறம் எப்படி?"

எழிலரசி கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வேளைக்கு என்ன வைக்கலாம் என்று கேட்கும் பெண்களிடம் சந்திரம்மாள், "புல்லுதான், புல்லத் தவிர என் மாடு எதையும் தொடாது" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊர்ல எல்லாரும் பொய் சொல்வாங்க சார்" என்றாள் எழிலரசி, சிரித்துக்கொண்டே. "ஆனா என்ன பொய், எதுக்குச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். வேற டாக்டர் வந்தா அவங்களுக்குத் தெரியாது."