ஐந்து மூட்டை மணல்

காலையில் எழுந்தபோதே இடுப்பு பிடித்திருந்தது. முந்தைய நாள் ஒரு லாரிக்கு அடியில் மூன்று மணி நேரம் மல்லாந்து கிடந்ததன் பலன். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அண்ணி, அண்ணனுடைய ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள்.

நானும் டயர்காரரும் கைவேலையைப் போட்டுவிட்டு நின்றோம். அண்ணன் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மலைப்பாதைக்காக நான்கு அங்குலம் உயர்த்திய வண்டி அது. அண்ணி முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். இறங்கும்போது குதிக்கத்தான் வேண்டியிருந்தது.

"தம்பி, வண்டி இழுக்குது," என்றாள். "எதிர்ல வர்றவன் மேலயே போய் விழப் பாக்குது. பிடிச்சுப் பிடிச்சுத் தோள் ரெண்டும் செத்துப் போச்சு. தலை சீவக் கையைத் தூக்க முடியல."

"புதுசா ஓட்டுறீங்கல்ல அண்ணி. பெரிய வண்டி. பழகிடும்."

"ஆறு வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுறவ நான். எனக்கும் கை போயிடுச்சுன்னு சொல்லப் போறீங்களா?"

டயர்காரர் சட்டென்று ஒரு டயரை உருட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அந்த 'எனக்கும்' என்ன என்பது அவருக்கும் தெரியும்.

அண்ணன் கல் குவாரிக்கு ஆட்களையும் தண்ணீர் டிரம்களையும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தான். சாவதற்கு ஒரு வருடம் முன்பு, கிட்னி கெட்டு வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்த காலத்திலும் ஓட்டினான். அப்போது இதே புகாரோடு மூன்று முறை என்னிடம் வந்தான். வண்டி தன் பக்கமாகவே இழுக்கிறது, நடு ரோட்டைத் தாண்டப் பார்க்கிறது என்றான். மூன்று முறையும் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். மூன்று முறையும் அளவெல்லாம் சரி என்று பச்சை காட்டியது. மூன்றாவது முறை, ஒரு பஸ்ஸோடு மோத இருந்து தப்பித்ததாகச் சொன்னான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் போகவில்லை, டயர்காரர் முன்னாலேயே சொன்னேன்.

"வண்டில ஒண்ணும் இல்லண்ணே. உன் கைலதான் பலம் இல்ல. யாரையாவது கொன்னுட்டு வந்து நிக்காத. விட்டுடு."

அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். "நெஜமாவாடா?" என்றான். "மெஷின் பொய் சொல்லுமா?" என்றேன். அன்றோடு விட்டுவிட்டான். குவாரி வேலையை வேறொருவன் எடுத்துக்கொண்டான். ஜீப் தார்ப்பாய்க்குள் போயிற்று. அண்ணன் நாற்காலிக்குப் போனான். பதினொரு மாதம் கழித்து அங்கேயே செத்தான்.

இப்போது அண்ணிக்கும் இழுக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. தார்ப்பாய்க்குள் நின்ற காலத்தில் ஏதோ கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு நான் சொன்னது தப்பு. கெட்டுத்தான் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வண்டிக்கு அடியில் நுழைந்தேன். புஷ், பால் ஜாயின்ட், பிரேக் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தேன். டயர்காரர் முன்டயர்களைப் பக்கம் மாற்றிப் போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். எதுவும் கெடவில்லை. மெஷினில் ஏற்றினோம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. உயர்த்திய வண்டியில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்கள் அதிகமாகக் கீழே சரிந்து நிற்கும். ஒரு பக்கம் அரை அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் அந்தச் சக்கரம் சாய்ந்துவிடும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் ஓட்டுகிறவனின் எடைக்கு மணல் மூட்டைகளை சீட்டில் அடுக்கிவிட்டுத்தான் அளவு எடுப்போம். மூட்டைக்கு இருபது கிலோ. அண்ணன் நூறு கிலோ ஆள். அவன் பக்கம் தாழாமல் இருக்க ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு பேக்கிங்கும் கொடுத்து, அந்த எடைக்கே அளவு வைத்திருந்தேன். அவன் வாசலில் தலை காட்டினாலே டயர்காரர், "அஞ்சு மூட்டை வந்தாச்சு, தரையைப் பாத்துக்கங்கப்பா!" என்று கத்துவார். "மணல் மூட்டைக்கு சோறு போட வேணாம், எனக்குப் போடணும். கஷ்டம் என் பொண்டாட்டிக்குத்தான்யா தெரியும்," என்பான் அண்ணன்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே மூட்டைகளைத் தூக்கி சீட்டில் போட்டேன். நான்காவதைத் தூக்கும்போது அண்ணி கேட்டாள்.

"இதெல்லாம் யாருக்கு?"

"ஓட்டுறவங்க வெயிட்டுக்கு அண்ணி. இந்த வண்டிக்கு அஞ்சு."

"நான் நாப்பத்தஞ்சு கிலோ தம்பி. என்னைப் பாத்தா அஞ்சு மூட்டை மாதிரியா இருக்கு?"

டயர்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பழக்கதோஷம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு மூட்டையை விட்டுவிட்டு மற்றவற்றை இறக்கினேன். மெஷினைப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கச் சக்கரம் தலையை வெளியே சாய்த்து நின்றது. சிவப்பு. வண்டி இழுக்கத்தான் செய்யும்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. "அவ்வளவுதான் அண்ணி. அண்ணன் வெயிட்டுக்கு வெச்ச அளவு. நீங்க லேசு. ஓட்டுற பக்கம் மேல ஏறிடுச்சு. அதான் இழுக்குது."

அண்ணி தலையாட்டினாள். கொஞ்ச நேரம் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் சொல்லும் குரலே இல்லாமல்தான் சொன்னாள்.

"அவரும் கடைசில அறுபதுதானே இருந்தாரு. ஆஸ்பத்திரில ஒவ்வொரு தடவையும் எடை போட்டு எழுதுவாங்க. நீங்க அவரை ஓட்ட வேணாம்னு சொன்ன மாசம் அறுபத்தொண்ணு."

அன்றைக்கு அவன் இதே இடத்தில்தான் நின்றான். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தான். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. அவனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே அவன் சீட்டில் ஐந்து மூட்டை அடுக்கினேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை.

டயர்காரர்தான் மூன்றாவது மூட்டையைத் தூக்கி சீட்டில் வைத்தார். வண்டியை ஒரு அழுத்து அழுத்தி விட்டேன். எண்கள் ஓடி நின்றன. சிவப்பு.

"செவப்புன்னா என்ன தம்பி?" என்றாள் அண்ணி.

மெஷின் இன்னும் சூடாகவில்லை என்று ஒரு பொய் வாய்வரை வந்தது. டயர்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவும் வண்டிதான் இழுத்திருக்கு அண்ணி."

"அப்ப அவர் கை?"

"நல்லாத்தான் இருந்திருக்கு."

அண்ணி அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. முந்தானையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள், அழுக்கு ஒன்றும் இல்லாமலே.

"தண்ணி நெறஞ்ச வாளியைத் தூக்கித் தூக்கிக் காட்டுவாரு தம்பி. 'பாருடி, தூக்குறேன்ல? நடுங்குதா பாரு'ம்பாரு. கனம் தூக்கினாலே டாக்டர் திட்டுற உடம்பு. நான்தான், 'உங்க தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும், பேசாம உக்காருங்க'ன்னு அதட்டுவேன். அப்புறம் தூக்குறதை விட்டுட்டாரு."

நான் வேலையைப் பார்த்தேன். வேறென்ன செய்ய. ஸ்பிரிங்கைக் கழற்றி அந்தப் பேக்கிங்கை எடுத்துவிட்டு மறுபடி மாட்டினேன். ஆர்ம் போல்ட்களைத் தளர்த்தி, இரண்டு மூட்டைக்கு இரண்டு பக்கச் சாய்வையும் சமமாக்கினேன். அப்புறம் ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவைத்து, சக்கரங்களின் நேர்கோட்டைப் பிடித்தேன். இடுப்பு வலியில் இரண்டு முறை அடியிலேயே படுத்துக் கிடந்தேன். டயர்காரர் ஸ்பேனரை நீட்டும்போது கிண்டல் பண்ணவில்லை. அந்த மனிதர் கிண்டல் பண்ணாமல் ஸ்பேனர் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வெயில் சாய ஓட்டிப் பார்க்கப் போனோம். அண்ணி ஓட்டினாள், நான் பக்கத்தில். கிடங்குகளைத் தாண்டி, நேராகப் போகும் சமதளமான ரோடு.

"இப்ப கையை விடுங்க அண்ணி."

பயந்து பயந்து விரல்களை விரித்தாள். வண்டி தன்பாட்டுக்கு நேராகப் போயிற்று. ஒரு லாரி எதிரே வந்து கடந்தது. ஸ்டியரிங் அசையவில்லை.

"நேரா போகுது," என்றாள்.

"ம்."

"அவருக்கும் இப்படி ஆக்கியிருக்க முடியுமா?"

"முடியும்."

"எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"இதேதான். ஒரு மத்தியானம்."

வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினாள். நான் இறங்கியதும், அந்தக் குவாரி வேலை இப்போது தனக்குக் கிடைத்திருக்கிறது, நாளைக் காலையில் முதல் நடை என்று மட்டும் சொன்னாள். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்கிட்ட எதுக்கு தம்பி?" என்றாள். கோபமாக இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

வண்டி வளைவு தாண்டிப் போனது. மூட்டைகளை எடுத்து அடுக்கிவிட்டு, டயர்காரர் போட்டுத் தந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் கேட்டது சரிதான். அது அவளுக்குத் தர வேண்டியது இல்லை. ஓட்டக்கூடிய கையை வைத்துக்கொண்டு ஓட்டாமல் உட்கார்ந்திருந்த பதினொரு மாதம். அதை நான் என் அண்ணனுக்குத் தர வேண்டும்.