ஹெட்லியின் நாக்கு

கீத் ஹோல்ராய்டுக்கு மூக்கு போய் நாலு மாதம் ஆகிறது. மூக்கு முகத்தில்தான் இருந்தது, அதில் குறையில்லை. பிப்ரவரியில் வந்த காய்ச்சல் மணத்தையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. தெருக்கோடித் தபால்காரருக்கு இப்படி ஆகியிருந்தால் நாலு பேரிடம் புலம்பிவிட்டு அவர் பாட்டுக்குக் கடிதம் கொடுத்துக்கொண்டிருப்பார். கீத் நடத்துவதோ இங்கிலாந்தில் நொண்டிக் கடா என்ற பப், அதாவது மதுக்கடை. யார்க்‌ஷர் பக்கத்தில் ஏல் என்கிற பியரை நல்லதாகக் குடிக்கவேண்டுமென்றால் மூன்று பஸ் மாறியாவது அங்கே வருவார்கள்.

பாட்டிலில் வருவதை விற்பதற்கு நாக்கு தேவையில்லை, மூடியைத் திறந்தால் போதும். பீப்பாய் ஏல் அப்படியில்லை, உயிருள்ள சரக்கு. நிலவறையில் படுக்கவைத்து, மேல் துளையில் மரமுளை செருகி, மூச்சுவிட வைத்து, வண்டல் அடியில் இறங்கும்வரை காத்திருந்து பிறகுதான் குழாய் அடிக்கவேண்டும். திறந்தபின் மூன்று நாள், மிஞ்சினால் நாலு. அதற்குமேல் போனால் காடி. அது எந்த நிலையில் இருக்கிறது என்று தினமும் காலையில் ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொல்வதுதான் கீத்தின் முப்பது வருடத் தொழில். இப்போது அந்த ஒரு வாய் குளிர்ந்த தண்ணீராகத்தான் இறங்கியது.

மனைவி பெரிலிடம் மட்டும் சொன்னார். "யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத" என்றார். பெரிலும் சரி என்று தலையாட்டினாள்.

கீத் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் நாக்குக்குப் பதில் வாடிக்கையாளர்களின் முகம். கவுண்ட்டரின் ஓரத்தில் எப்போதும் ஜெஃப் நிற்பார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் மார்ஜரி குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருப்பாள், பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் கரண்டி பிடித்தவள். இவர்கள் முதல் வாய் குடிக்கும்போது கீத் கிளாஸ் துடைக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். ஜெஃப்பின் இடது புருவம் அசையவில்லையென்றால் சரக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நாலு மாதமாக அந்தப் புருவம் அசையவேயில்லை.

அந்தப் பப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கிளாஸைத் திருப்பிக் கொடுத்தால், கீத் எல்லார் முன்னாலும் அதிலிருந்து ஒரு வாய் குடிப்பார். கெட்டிருந்தால் வேறு ஊற்றிக் கொடுப்பார். நன்றாக இருந்தால் "ஒண்ணும் இல்ல, குடி" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது. இப்போது யாராவது திருப்பிக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும் என்று பிப்ரவரியில் கீத் பயந்துகொண்டிருந்தார். ஆனால் ஒரு கிளாஸ்கூடத் திரும்பி வரவில்லை. ருசி போனாலும் கைப்பக்குவம் போகவில்லை என்று மனதுக்குள் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். மனுஷனுக்குத் தன்மேல் நம்பிக்கை இருக்கவேண்டியதுதான், ஆனால் கீத்துக்கு இருந்தது கொஞ்சம் அதிகம்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மத்தியானம், மலையில் நடந்துவிட்டுச் சேற்றுப் பூட்ஸோடு ஒரு வெளியூர்ப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பைண்ட் கிளாஸ் நிறைய பிட்டர் என்ற கசப்பு ஏல் வாங்கினார்கள். ஒரு வாய் குடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ரொம்ப அழகான இடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். மேஜையில் இரண்டு கிளாஸும் நிறைந்தபடி இருந்தன.

கீத் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தூசி இல்லை, பளிங்காக இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற குறை எதுவும் கிடையாது. நேரே நிலவறைக்கு இறங்கினார்.

பீப்பாய் திறந்த நாளைச் சாக்பீஸால் அதன் முகத்தில் எழுதுவது அவர் பழக்கம். பிட்டர் பீப்பாயில் 'திங்கள்' என்றிருந்தது. இன்று சனி. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். மேலே தட்டினால் வெறும் சத்தம், நடுவில் தட்டினால் கட்டையாகச் சத்தம். பாதிக்குமேல் இன்னும் இருந்தது. ஜூன் மாதத்தில் திங்கட்கிழமை திறந்த பிட்டர் புதன்கிழமை சாயங்காலம் காலியாகிவிடும், முப்பது வருடமாக அப்படித்தான். பக்கத்துப் பீப்பாயைத் தட்டினார். அதுவும் அதே கதை. காது நன்றாகத்தான் கேட்கிறது, இதை ஏன் இத்தனை நாளாகத் தட்டிப் பார்க்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆறு நாள் பீப்பாய் காடியாகாமல் என்ன செய்யும்? அப்படியானால் ஜெஃப்பின் புருவம்?

மேலே வந்து ஜெஃப்பின் எதிரே நின்றார்.

"ஜெஃப், நீ முன்னெல்லாம் நாலு பைண்ட் குடிப்பியே. இப்ப ஏன் ஒண்ணோட நிறுத்திக்கிற?"

"டாக்டர் சொன்னாருப்பா."

"எந்த டாக்டர்?"

ஜெஃப் கிளாஸைப் பார்த்தார். "நம்ம... டாக்டர்தான்."

"அவரு ஈஸ்டருக்கே ரிட்டயர் ஆயிட்டாரு. புதுசா யாரும் வரல. ஏல் எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லு."

ஜெஃப் பார்க்கவில்லை. ஜன்னலோரத்தில் மார்ஜரி பேனாவை மூடிவைத்தாள்.

"போதும் விடு, ஜெஃப். சொல்லிடு. பாவம், எத்தனை நாளைக்குத்தான் அதை முழுங்குவ?"

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்றார் கீத்.

"மார்ச்சுலயே தெரியும்ப்பா" என்றார் ஜெஃப். "பெரில் கறிக்கடையில என் சம்சாரத்துக்கிட்ட சொல்லி அழுதுருக்கா. உன் மனசு நோகக்கூடாதேன்னு யாரும் வாயைத் திறக்கல. முதல்ல ஒண்ணும் தெரியல. இந்த மாசம்தான்... கொஞ்சம் ஒரு மாதிரி."

"ஒரு மாதிரின்னா?"

"காடிக்குப் பதிலா சாலட்டுல ஊத்தலாம்" என்றாள் மார்ஜரி.

கீத்துக்குக் காதெல்லாம் சூடேறியது. எல்லோரும் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குறைத்துக் குடித்திருக்கிறார்கள். குறைத்துக் குடித்ததால் பீப்பாய் தீரவில்லை. தீராததால் இன்னும் புளித்தது. புளித்ததால் இன்னும் குறைத்துக் குடித்திருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு எவனும் காசு கொடுத்துக் காடி குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போகமாட்டான்.

"என் மனசு நோகாம இருக்கணும்னு என் பேரைக் கெடுத்துட்டீங்களே" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கவுண்ட்டரில் ஏல் இழுக்கும் மூன்று பம்புகளிலும் பெயர்த்தகட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார். விற்பனைக்கு இல்லை என்று அர்த்தம். சனிக்கிழமை மத்தியானம் நொண்டிக் கடாவில் மூன்று பம்பும் திரும்பியிருந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பெரில் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"கடையை மூடிடப் போறேன்" என்றார் கீத். "பாட்டில் விக்கிறதுக்கு நான் எதுக்கு?"

"மூட வேண்டாம். உனக்கு ஒரு நாக்கு வேணும், அவ்வளவுதானே" என்றாள் மார்ஜரி.

"யாரு நாக்கு? உங்க நாக்கெல்லாம்தான் பாத்துட்டேனே."

"உண்மை சொல்ற ஆளு இந்தத் தெருவுல ஒருத்தன் இருக்கான். நீதான் அவனை உள்ள விடமாட்ட."

எல்லோரும் பணப்பெட்டிக்கு மேலே பார்த்தார்கள். அங்கே ஒரு மஞ்சளேறிய பழைய அட்டை குத்தியிருந்தது. 'ஹெட்லி பூத்ராய்ட். ஆயுள் முழுக்க.' அட்டையில் பேர் இருக்கும்வரை அந்த ஆள் படி ஏறக்கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன் ஏல் ரசிகர் சங்கத்துக்காரர்கள் வந்திருந்த நாளில், ஹெட்லி ஒரே பைண்டை மூன்று தடவை திருப்பினார். அதற்கு முன்பும் தினம் ஒரு குறை சொல்கிறவர்தான், ஆனால் அன்று விருந்தாளிகள் முன்னால். கீத் வழக்கப்படி ஒரு வாய் குடித்தார். "ஒண்ணும் இல்ல" என்றார். "இருக்கு" என்றார் ஹெட்லி. அட்டை ஏறிவிட்டது. அன்றிலிருந்து ஹெட்லி நாயைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்து, முக்கால் மைல் தள்ளி இருக்கிற ஒரு மட்டமான பப்பில் குடித்துவிட்டு வருகிறார்.

கீத் தேடிப் போனபோது ஆற்றங்கரைக் காய்கறிப் பாத்திகளில் ஹெட்லி குனிந்து வெங்காயத்துக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கீத் வேலிக்கு வெளியே நின்றார். நாய் குரைத்தது, ஹெட்லி நிமிரவில்லை.

"வெங்காயம் நல்லா வந்திருக்கு" என்றார் கீத்.

"இல்ல. வேர்ல ஈப்புழு விழுந்திருக்கு."

கீத்துக்குச் சிரிப்பு வந்தது. சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம்.

"ஹெட்லி, அன்னிக்கு நீ திருப்புனது சரிதான். சங்கத்துக்காரங்க வர்ற அவசரத்துல நான் குழாய் கழுவல. ஒரு வாய் குடிச்சதுமே தெரிஞ்சது. அவங்க முன்னால ஒத்துக்க முடியல."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கு நாக்கு இருக்குல்ல."

"எனக்கு இல்ல" என்றார் கீத். "பிப்ரவரியிலேருந்து."

ஹெட்லி அப்போதுதான் நிமிர்ந்தார். அவருக்குக் கறிக்கடைச் செய்தி போகவில்லை, அவரோடு யாரும் பேசினால்தானே. பிறகு கையிலிருந்த மண்ணைப் பேண்ட்டில் துடைத்தார்.

"எத்தனை நாள் பீப்பாய்?"

"ஆறு."

"அட கிறுக்கா" என்றார் ஹெட்லி. நாயின் கயிற்றை எடுத்தார்.

நொண்டிக் கடாவின் வாசற்படியில் வந்து நின்றவர் உள்ளே காலை வைக்கவில்லை. பணப்பெட்டிப் பக்கம் கண்ணைக் காட்டினார். கீத் போய் அட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகுதான் ஹெட்லி படி ஏறினார். ஜெஃப் தன் ஓரத்தை விட்டுக்கொடுத்து நகர்ந்து நின்றார்.

திங்கட்கிழமைப் பீப்பாயிலிருந்து அரை கிளாஸ். ஹெட்லி வாயில் வைத்தார், திரும்பக் கிளாஸிலேயே துப்பினார்.

"மீன் வறுவலுக்கு ஊத்திக்க. இதையா குடிச்சீங்க?" ஜெஃப்பைப் பார்த்துக் கேட்டார். ஜெஃப் தரையைப் பார்த்தார்.

நிலவறையில் வியாழனன்று மேடையில் ஏற்றிப் படுக்கவைத்த பீப்பாய் ஒன்று தயாராக இருந்தது. கீத் இறங்கிப் போய் முதலில் பம்புக்குப் போகிற நீளக் குழாயைக் கழுவினார், பிறகு சுத்தியலால் ஒரே அடியில் பீப்பாயில் புதுக் குழாயை இறக்கினார். முளையை லேசாக அசைத்தபோது வந்த மெல்லிய மூச்சுச் சத்தம் காதுக்குக் கேட்டது. ஒரு காலத்தில் அந்த நொடியில் ஆப்பிளும் ரொட்டியும் கலந்த வாசனை வரும். இப்போது வரவில்லை. ஏணியில் ஏறி மேலே வந்தார்.

"குழாய் கழுவினியா?" என்றார் ஹெட்லி.

"கழுவினேன்."

கீத் பம்பை இழுத்தார். இழுத்து, நுரை இறங்கக் காத்திருந்து, மறுபடி இழுத்து முழு பைண்டை முன்னால் வைத்தார். ஹெட்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு வாய். பெரில் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். கிளாஸ் பாதியானது.

"ஏதாவது சொல்லேன்" என்றார் கீத். "எப்படி இருக்கு? எனக்குத் தெரியாது ஹெட்லி. இனிமே தெரியாமலேயே போனாலும் போகும். நீ சொன்னாத்தான் உண்டு."

ஹெட்லி கிளாஸைக் கீழே வைத்து மேலுதட்டு நுரையைத் துடைத்தார்.

"கொஞ்சம் சில்லுனு இருக்கு. கசப்பு ஒரு பிடி கம்மி. நாளைக்குச் சரியாயிடும்." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "அந்தப் பப்புல ஒன்பது வருஷம் குடிச்சேன் கீத். ஒரு நாள்கூட நான் கிளாஸைத் திருப்பினதில்ல. அங்க திருப்பி என்ன ஆகப்போகுது?"

கீத் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே காய்ந்திருந்த ஒரு கிளாஸைத் துடைத்தார். பின்னால் ஹெட்லியின் குரல் கேட்டது.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வரேன். நான் குடிச்சுப் பாக்குறதுக்கு முன்னால இவங்க யாருக்கும் ஊத்தாத."

அந்த ஒரு பம்பின் பெயர்த்தகட்டைக் கீத் நேராகத் திருப்பி வைத்தார். ஜெஃப் ஒரு பைண்ட் கேட்டு வாங்கிக் குடித்தார், பொய்க்காக அசையாமல் வைத்திருந்த அவருடைய இடது புருவம் நல்ல ருசி பட்டதும் நெற்றிவரை ஏறியது.