முழுகுகிற கனவு

பேக்கரிக்காரருக்கு ராத்திரியெல்லாம் அடுப்படி வேலை, தூக்கம் பகலில்தான். ஒரு மாதமாக அந்தத் தூக்கத்தில் ஒரே கனவு. கழுத்தளவு தண்ணீர், பிறகு தலைக்கு மேல் தண்ணீர். மூச்சுக்குத் தவித்து, நெஞ்சு வெடிக்கப்போகும் நேரத்தில் விழித்துக்கொள்வார். சட்டையெல்லாம் வேர்வை.

வேலையிடத்தில் சொன்னார். "தண்ணி கனவுல வந்தா நல்ல சேதி வரும்ணே" என்றார் மாவு பிசைகிறவர். "முழுகுற கனவு ஆகவே ஆகாது" என்றார் வண்டி ஓட்டுகிறவர். கனவுப் பலன் புத்தகம் ஒன்றை வாங்கிப் புரட்டினார். முழுகினால் பதவி உயர்வு என்றது. நாலு பக்கம் தள்ளி, முழுகினால் மனைவியோடு சண்டை என்றது. இரண்டும் நடக்கவில்லை. படுக்கையைப் பார்த்தாலே பயம் வந்ததுதான் மிச்சம்.

மனைவி டீச்சர், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகலில் வீட்டில் இருப்பது மாமியார் மட்டும். அவர்கள் இருவருக்கும் இடையே பேச்சு, "சாப்பிட்டீங்களா மாப்ள", "ஆச்சுங்க அத்தை" என்ற அளவோடு சரி.

ஒரு மத்தியானம் அவர் கனவில் முழுகிக்கொண்டிருந்தபோது யாரோ காலைப் பிடித்து உலுக்கினார்கள். கண் விழித்தால் கட்டிலோரம் மாமியார், கையில் ஒரு காகிதம்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்ள. நீங்க விடுற குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்கும். அதச் சொல்ல வரல. அது திடீர்னு நிக்குது. மூச்சும் சேந்து நிக்குது. நாலு நாளா கதவோரம் உக்காந்து எழுதி வச்சிருக்கேன்."

காகிதத்தில் மணியும் பக்கத்தில் விநாடியும். இருபது, முப்பது, ஓரிடத்தில் நாற்பது.

"கனவுக்கு என்ன அர்த்தம்னு ஊரெல்லாம் கேட்டீங்களாமே, எம்மக சொன்னா. மூச்சு முட்டுதுன்னுதான் அது கத்துது. கெளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

தூங்கவைத்துச் சோதித்துப் பார்த்த டாக்டர், தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்றார். மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார். "இப்படியே விட்டிருந்தா இதயத்துக்கு ஆபத்து. எழுதி வச்சவங்க புண்ணியம்."

கருவியை மாட்டிக்கொண்ட முதல் நாள், அடித்துப் போட்டாற்போல் ஏழு மணி நேரம் தூங்கினார். கனவே இல்லை. எழுந்து கூடத்துக்கு வந்தார். மாமியார் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த போர்வையின் மறுமுனையைப் பிடித்தார்.

"நீங்க இல்லேன்னா இன்னைக்கு நான் இல்லைங்க அத்தை."

"பெரிய பேச்செல்லாம் எதுக்கு, நேரா புடிங்க" என்றார் மாமியார். இரண்டு துணி மடிந்தபின் மெல்லச் சொன்னார். "உங்க மாமாவுக்கும் இதே குறட்டைதான். தூக்கத்துலயே போயிட்டாரு. அப்ப எனக்கு எண்ணிப் பாக்கத் தோணல."

துணி தீர்ந்த பிறகும் பேக்கரிக்காரர் எழுந்திருக்கவில்லை. "மாமா எப்படி இருப்பாரு அத்தை?" என்று கேட்டார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தார்.