வகுப்பில் என் மனைவிக்கு வேறு பேர்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் கிளம்பியது. ‘பிறமொழி படிக்கிறவர்கள் வகுப்பில் அயல்நாட்டுப் பெயர் வைத்துக்கொள்ளலாமா?’ கூடாது என்று முடிவுகட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் வாக்கியம்: ‘பெயர் என்பது ஒரு மனிதனின்

[மனிதனின் என்ன? அதற்குள் மனைவி வகுப்பு முடிந்து வந்துவிட்டாள். கட்டுரை அதோடு சரி.]

2

மகன் கடல் கடந்து கல்யாணம் செய்துகொண்டான். சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் வரும்போது, மகனை நடுவில் உட்கார வைக்காமல் தானே பேசவேண்டும் என்று இவள் அவர்கள் மொழிக்கான மாலை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே ஆளுக்கொரு அயல்நாட்டுப் பெயர். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள்*, அந்தப் பெயரில் வெளுத்து வாங்கினாள்.

“தப்பாப் பேசினா கூச்சமா இல்லையா?”

“தப்பெல்லாம் அவளோடது. சரியா வர்றது மட்டும் என்னோடது.”

அந்தப் பெயர் பஸ்ஸில் அவளோடு வீடுவரை வர ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் தனித் தட்டு கேட்டது. வைத்தேன்.

*இதை அவள் மறுப்பாள், நாலு வார்த்தைக்கு மேல்.

3

பிறகு டீச்சர் மாறினார். புது டீச்சருக்கு எங்கள் மகன் வயது. “இனிமே எல்லாருக்கும் சொந்தப் பேர்தான்” என்றார். இவள் வாய் பூட்டிக்கொண்டது. சம்பந்தியம்மா வர ஒரு மாதம் இருக்க, “நான் நின்னுக்கறேன்” என்றாள். நியாயம் கேட்க நானும் கூடப் போனேன்.

[டீச்சரை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒத்துழைக்க மறுத்துவிட்டார்.]

“மத்தவங்க நாக்கு சுளுக்கிக்கும்னு நம்ம பேரை ஏங்கய்யா விட்டுக்கொடுக்கணும்?”

நியாயம்தானே, தலையாட்டிவிட்டேன். மனைவி முறைத்தாள். “யாருக்குப் பேச வந்தீங்க?”

“சொந்தப் பேர்ல என்னம்மா கஷ்டம்?” என்றார் டீச்சர்.

“அதைச் சொல்லி யாரு கூப்பிட்டா? அத்தை, சித்தி, பெரியம்மா, மூணாம் வீட்டம்மா. திடீர்னு அந்தப் பேரைக் கேட்டா, ஆஸ்பத்திரியில நம்ம முறை வந்தமாதிரி நெஞ்சு அடிச்சுக்குது.”

“அய்யா எப்படிக் கூப்பிடுவீங்க?”

“‘இந்தா’ன்னு” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“அது பேர் இல்லம்மா, சத்தம்” என்றாள் மனைவி.

டீச்சர் சிரிப்பை விழுங்கினார். “அப்ப இங்க ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்கய்யா. எந்தப் பேருக்கு வாய் திறக்கறாங்களோ, அதையே வச்சுக்கலாம்.”

4

முடிவு ஒன்று: சொந்தப் பெயரைச் சொன்னேன். அவள் கண் கலங்கியது. [அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்ட ஆள் இல்லை.]

முடிவு இரண்டு: வகுப்புப் பெயரைச் சொன்னேன். என் நாக்கு சுளுக்கி [நடக்கக்கூடியதுதான்.]

நடந்தது இது. தொண்டையைச் செருமிக்கொண்டு “.......” என்றேன். புள்ளிகளை நிரப்புவது உங்கள் பாடு. அவள் திரும்பினாள். எழுந்து நின்று அந்த மொழியில் கடகடவென்று பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வகுப்பு என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததில், பேச்சே என்னைப் பற்றித்தான் என்று மட்டும் தெரிந்தது.

“ரெண்டே தப்புதான்” என்றார் டீச்சர்.

அவை யாருடைய தப்பு என்பதை, நீங்கள் நிரப்பிய பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்.