புகைக்கு மேலே

விமானத்தின் சத்தம் தலைக்கு நேர் மேலே கேட்டது. விமானம்தான் தெரியவில்லை.

படகுத்துறைப் பலகைகளின் மேல் மெத்தையைப் போட்டு, நாலைந்து மிதவை அங்கிகளை முதுகுக்கு அண்டை கொடுத்து, அண்ணன் ஹால்டோரைச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள் சிக்ரூன். மிதவை விமானம் ஏரியில் இறங்கிய நிமிஷமே தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்றுதான் இங்கே கொண்டுவந்திருந்தார்கள். துறையின் நுனிக்கு அப்பால் ஏரி இல்லை. காட்டுத்தீயின் பழுப்பு நிறப் புகைதான் இருந்தது. கட்டியிருந்த ஆறு படகுகளில் மூன்றுதான் கண்ணுக்குப் பட்டன.

"ஜோசெட்தான்," என்றான் ஹொரேஸ். இருபத்திரண்டு கோடைகளாக இந்த விடுதியில் மீன்பிடிக்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போகிறவன். இஞ்சின் சத்தத்தை வைத்தே ஓட்டுவது யார் என்று சொல்லிவிடுவான்.

சத்தம் வடக்கே போய்த் தேய்ந்தது. பிறகு திரும்பி வந்தது. அயோவாவிலிருந்து வந்திருந்த நான்கு விருந்தாளிகளில் ஒருவர் உள்ளே ஓடி, சாப்பாட்டு மேஜையின் சிவப்பு விரிப்பை உருவிக்கொண்டு வந்து, துறையின் நுனியில் நின்று வீசினார். பத்தடி தள்ளி நிற்பவனுக்கே அது தெரியாது. யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு வாய் காபி குடிக்காம போறாளே," என்றார் ஹால்டோர். உதடு நீலம் பாரித்திருந்தது.

"பேசாதேண்ணே."

ரேடியோவில் ஜோசெட்டின் குரல் கரகரத்தது. "தண்ணி தெரியலக்கா. எது மரம், எது தண்ணின்னு பிரிச்சுப் பாக்க முடியல."

"இன்னும் ஒரே ஒரு தடவை பாரு."

"நாலு தடவை பாத்துட்டேன்க்கா."

பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றாள் சிக்ரூன். அவள் பொத்தானை விடும்வரை அந்தப் பக்கம் பேச முடியாது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. விட்டாள். "மன்னிச்சிடுக்கா" என்று வந்தது. சத்தம் தெற்கே போயிற்று. இந்த முறை திரும்பவில்லை.

விரிப்பை வீசியவர் அதை நான்காக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார்.

*

காலையில் அப்பம் தின்றபோதே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார் ஹால்டோர். கேட்டதற்கு, "நீ சுட்ட அப்பம் அப்படி" என்றார். காட்டுத்தீ மேற்கே முப்பது கிலோமீட்டரில் இருப்பதாக ரேடியோவில் சொன்னதும், கரையோரம் இருந்த பெட்ரோல் பீப்பாய்களைத் தள்ளி வைக்கப் போனார். மூன்றாவது பீப்பாயின் மேல் கவிழ்ந்து கிடந்தவரை ஹொரேஸ்தான் பார்த்தான். அப்போது மணி பதினொன்று.

படகில் போகலாமா என்று விருந்தாளிகளில் ஒருவர் கேட்டார். ஹொரேஸ் அவர் முகத்தைப் பார்த்தான். பக்கத்து ஊருக்குப் படகில் இரண்டு நாள். நடுவே பாறைகளுக்கிடையே தண்ணீர் சீறிப் பாயும் இடங்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் படகைத் தோளில் சுமந்து காட்டுக்குள் நடக்க வேண்டும்.

விருந்தாளிகளில் மூத்தவர் வர்ஜில், எழுபது தாண்டியவர். நாடி பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் மாட்டு வைத்தியன்மா," என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்த முதல் நிமிஷமே சொல்லியிருந்தார். "நாப்பது வருஷம் மாடும் பன்னியும்தான்."

"அப்ப எனக்குச் சரியான ஆளுதான்," என்றிருந்தார் ஹால்டோர்.

சாட்டிலைட் போனில் ஒரு நர்ஸ் இருந்தாள். வெகு தூரத்து நகரம் ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னாள். படுக்கவைக்காதீர்கள் என்றாள். பதற்றப்படுத்தாதீர்கள் என்றாள். அவள் சொல்லக்கூடியது எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனாலும் போனை வைக்கவில்லை. "நான் இருக்கேன் மேடம்" என்று நடுநடுவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

விமானம் போனபின் எல்லாரும் கொஞ்சம் விலகி நின்றார்கள். உள்ளே போகலாமா என்று கேட்டதற்கு ஹால்டோர் கையை அசைத்து வேண்டாம் என்றார். சிக்ரூன் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தினாள். செய்ய வேறு எதுவும் இல்லை. தளர்த்தியதை இன்னொரு முறை தளர்த்தினாள்.

புருஷன் விட்டுப்போன வருஷம், இரண்டு மாதம் கூடமாட ஒத்தாசை செய்யலாம் என்று அண்ணனின் விடுதிக்கு வந்தவள். பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அவள் சமையல், அவர் படகு. பனிக்காலத்தில் வேறொரு ஏரிக்கரை ஊரில் அப்பா விட்டுப்போன வீட்டில் ஒன்றாய் இருந்து, வசந்தத்தில் ஐஸ் உருகியதும் முதல் விமானத்தில் ஒன்றாய் வருவார்கள். இந்த வசந்தத்தில், பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது, இதுதான் தனக்குக் கடைசி வருஷம் என்று சொன்னாள். நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது, தனக்கென்று சின்னதாய் ஒரு வீடு பார்த்தாயிற்று என்றாள். ஹால்டோர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். அதற்குப் பிறகு மூன்று மாதமாக அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினார்.

"பிள்ளே," என்றார் இப்போது. அவளுக்கு ஐம்பத்தாறு வயது. அவர் மட்டும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்னண்ணே?"

"அந்த வீட்டுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. நகரத்தில் பார்த்த வீட்டைத்தான் கேட்கிறார். "கிழக்கே."

"என்ன தெரியும்?"

"கார் நிறுத்துற இடம். அதுக்கு அந்தப் பக்கம் ஒரு டயர் கடை."

"ஏரி?"

"தெரியாது."

மூச்சு வாங்கினார். ஒவ்வொரு மூச்சையும் எட்டிப் பறிக்க வேண்டியிருந்தது.

"பரவால்ல," என்றார். "பாத்தது போதும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போகவில்லை என்று சொல்ல நினைத்தாளா, போகத்தான் போகிறேன் என்றா, அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் அவர் கண் அவள் முகத்திலிருந்து நழுவி, தோளுக்குப் பின்னால் எங்கேயோ நின்றது. "ஹால்டோர்!" என்று உரக்கக் கத்தினார் வர்ஜில். மெத்தையிலிருந்து அவரைப் பலகைக்கு இழுத்துக் கிடத்தினார்கள்.

நெஞ்சை அழுத்த முதலில் வர்ஜில் உட்கார்ந்தார். பிறகு ஹொரேஸ். பிறகு அவள். பிறகு மறுபடி ஹொரேஸ். போனை ஒருவர் பக்கத்தில் பிடித்திருந்தார். நர்ஸ் எண்ணிக்கொண்டே இருந்தாள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பலகைகள் அந்தக் கணக்கில் முனகின. துறைக்கு அடியில் தண்ணீர் கிளுகிளுத்தது. விலா எலும்பு ஒன்று உடைவதைத் தன் உள்ளங்கையில் உணர்ந்தாள் சிக்ரூன். அப்படித்தான் ஆகும், நிறுத்தாதீர்கள் என்றாள் நர்ஸ்.

நாற்பது நிமிஷம் கழித்து, "நிறுத்தலாம் மேடம்" என்றாள்.

சிக்ரூன் நிறுத்தவில்லை.

"மேடம், போதும். நீங்க செய்ய வேண்டியதையெல்லாம் செஞ்சிட்டீங்க."

மூன்றாவது முறை நர்ஸ் சொன்னபோது, வர்ஜில் தன் தடித்த கையை சிக்ரூனின் கைகள்மேல் வைத்தார். அழுத்தவில்லை, இழுக்கவில்லை. கை நிற்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.

மணி மூன்று பத்து. சூரியன் புகைக்குள் செம்பு நாணயம்போல் இருந்தது. வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது.

*

சாயங்காலம் சிக்ரூன் ஐஸ் கொட்டகைக்குப் போனாள். விடுதியில் குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான். மரத்தூளில் புதைத்த ஐஸ் பாளங்களின் மேல் விருந்தாளிகளின் மீன் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் பேர் எழுதியிருந்தது, நான்கு நாளில் பிடித்த மீன். ஒன்றன்பின் ஒன்றாக வெளியே எடுத்து வைத்தாள். பின்னால் நிழல் தட்டியது. நால்வரும் வந்து நின்றார்கள்.

"கெட்டுப் போயிடும், தெரியும்," என்றாள் அவள். "வேற இடம் இல்லை."

"மீன் கிடக்குதும்மா," என்றார் விரிப்பை வீசியவர். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவசரமாய் நடந்தார்.

ஏரி உறைந்திருந்த மார்ச்சு மாதம் தனியாக வந்து தங்கி, ரம்பத்தால் அறுத்து, பனிவண்டியில் இழுத்து வந்து ஹால்டோரே அடுக்கிய பாளங்கள் அவை. ஹொரேஸ் மரத்தூளைத் தள்ளி, நடுவில் ஆள் நீளத்துக்கு இடம் செய்தான். ஹால்டோரை அவளுடைய கம்பளியில் சுற்றி வைத்தார்கள். வைத்தபின் ஹொரேஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு சிட்டிகை புகையிலை எடுத்து, தன் பூர்வகுடி வழக்கப்படி வாசலில் மண்ணில் தூவி, தன் மொழியில் தணிந்த குரலில் பேசினான். கொஞ்சம் நீளமாகவே பேசினான். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தமாதிரி இருந்தது.

பிறகு சமையலறைக்குப் போய், ஆறு பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தாள். உரித்து முடித்து எண்ணிப் பார்த்தபோது ஏழு பேருக்கு இருந்தது.

*

மறுநாள் விடிந்து இரண்டு மணி நேரத்தில் காற்று மாறிற்று. புகை ஒரு முழம் மேலே தூக்கினதுபோல் தூக்கி, அக்கரையின் ஓரம் தெரிந்தது. அந்த இடைவெளியில் ஜோசெட் விமானத்தை நுழைத்து இறக்கிவிட்டாள். மிதவையில் நின்றபடியே கயிற்றை வீசினாள். சிக்ரூனைக் கட்டிக்கொண்டாள், உடனே விட்டுவிட்டாள்.

"அக்கா, எல்லாரையும் காலி பண்ணச் சொல்லி உத்தரவு. தீ இந்தப் பக்கம் திரும்பிடுச்சு. நான் வர்ற வழியில பாத்தேன், பதினஞ்சு கிலோமீட்டர்கூட இல்லை."

"எத்தனை நடை வருவே?"

ஜோசெட் வானத்தைப் பார்த்தாள். "இப்ப ஒரு நடை. இன்னொண்ணு முடியுமான்னு கேட்டா, முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

ஆறு பேர். மூட்டை முடிச்சு எதுவும் இல்லாமல் நெருக்கி உட்கார்ந்தால் ஆறு பேர் போகலாம். படுத்துக்கொண்டு ஒருவர் வருவதானால் மூன்று பேரின் இடம் போய்விடும்.

வர்ஜில் தொப்பியைக் கழற்றினார். "எங்கள்ல மூணு பேர் இருந்துக்கிறோம். படகை எடுத்துக்கிட்டு ஏரி நடுவுல நிக்கிறோம். நீங்க உங்கண்ணனைக் கூட்டிட்டுப் போங்க."

"வர்ஜில்."

"எனக்கு வயசாயிடுச்சும்மா. ஒண்ணும் ஆகாது."

"வர்ஜில், ஏறுங்க," என்றாள் சிக்ரூன். விருந்தாளியிடம் அவள் ஒருநாளும் பேசாத குரல் அது. "எங்கண்ணன் இருந்தா உங்களைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருக்கும். ஏறுங்க."

ஏறினார். மற்ற மூவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறினார்கள்.

"நான் இருக்கேன்க்கா," என்றான் ஹொரேஸ். "எனக்குக் காடு புதுசா?"

"விட்டுட்டு வரமாட்டேன்," என்றாள் ஜோசெட் நறுக்கென்று. "உன்னையும் சரி, அக்காவையும் சரி. உசுரோட இருக்கிற ஒருத்தரையும் விடமாட்டேன்." சொன்னபின் அந்த வார்த்தை அவளுக்கே சுட்டது. குனிந்து கயிற்றைச் சரிசெய்வதுபோல் எதையோ செய்தாள். "பத்து நிமிஷம் தர்றேன்."

ஹொரேஸ் கரைக்கு ஓடி, தண்ணீர் இறைக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். கூரையை நனைத்துக்கொண்டே இருக்கச் சுழலும் தெளிப்பான் ஒன்று இருந்தது. குழாய் ஒரு கூரைக்குத்தான் எட்டும். அவன் விடுதியின் பெரிய வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்தான். அண்ணன் தங்கையின் அப்பா முழு மரங்களை அடுக்கிக் கட்டியது. வரவேற்பறையில் ஐம்பது வருஷத்து விருந்தாளிகளின் படங்கள் இருந்தன. சிக்ரூனின் துணிமணி, பாத்திரம், பண்டம் எல்லாம் அதற்குள்தான். அவன் நின்று திரும்பிப் பார்த்தான்.

அவள் ஐஸ் கொட்டகையைக் காட்டினாள்.

இருவரும் குழாயை இழுத்தார்கள். ஹொரேஸ் கூரையில் ஏறித் தெளிப்பானை ஆணி அடித்து நிறுத்தினான். அவள் கொட்டகைக் கதவைச் சாத்தி, கொண்டியில் மரக்குச்சியைச் செருகினாள். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. கதவின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். மரம் குளிர்ந்திருந்தது.

"பெட்ரோல் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஏழு மணி நேரம். எட்டு வரலாம்." கயிற்றை இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பம்பு பிடித்துக்கொண்டது.

தீ ஆற்று முகத்தோடு நின்றுவிட்டது, விடுதிப் பக்கம் வரவேயில்லை. ஐந்தாம் நாள் ஹொரேஸும் ஜோசெட்டும் போய் ஹால்டோரைக் கொண்டுவந்தார்கள். ஏரிக்கரை ஊரில், அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தக் காலையில் யாருக்கும் எதுவும் தெரியாது.

சிக்ரூன் கடைசியாக ஏறினாள். முன்சீட்டில், ஜோசெட்டின் பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள். விமானம் தண்ணீரை உதறிக்கொண்டு எழும்பி, மரங்களுக்கு மேலே ஒருபக்கமாய்ச் சாய்ந்து திரும்பியது. ஜோசெட் அவளைக் கேட்காமலே இன்னொரு வட்டம் தாழ்வாய் அடித்தாள்.

கீழே பெரிய வீடு, குடில்கள், துறையில் ஆறு படகுகள். ஓரமாய்க் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கூரை. அதன்மேல் தண்ணீர் வெள்ளையாய் விரிந்து, நிதானமாய் ஒரு பக்கம் போய், திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. அது திரும்பி வருவதற்குள் புகை மூடிவிட்டது.