கூடுதலாய் நாற்பது

மின்சாரக் கட்டுப்பாட்டு நிலையத்தில் அவளுக்கு நாளைக்காரி என்று பெயர். இன்றைக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கப் பெரிய திரைக்கு முன்னால் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு நாடு எவ்வளவு மின்சாரம் கேட்கும் என்று சொல்வது அவள் ஒருத்தியின் வேலை. தினமும் காலை பத்து மணிக்குள் மணிக்கு ஒன்றாக இருபத்துநாலு எண்களை அனுப்பிவிட வேண்டும். அதை வைத்துத்தான் எந்த நிலையம் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவாகும்.

அவள் சேர்ந்த புதிதில் அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. காலையில் ஏறும், மதியம் உச்சத்தில் நிற்கும், ராத்திரி இறங்கும். பன்னிரண்டு வருடத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கூரைக்குக் கூரை சூரியத் தகடு வந்தது. மதியம் மேடாக இருந்த இடம் பள்ளமானது. வெயில் சாய்ந்ததும் அடுப்புக்கும் ஏசிக்கும் வண்டிக்கும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். நாடே இதைக் கொண்டாடியது. மூன்றாம் யூனிட்டில் அவளுடைய அண்ணன் வேலை பார்க்காமல் இருந்திருந்தால் அவளும் கொண்டாடியிருப்பாள்.

மூன்றாம் யூனிட் நிலக்கரி எரிக்கும் கிழட்டு யூனிட். அண்ணன் அங்கே பாய்லர் ஆபரேட்டர். மாதக்கணக்கில் அணையாமல் எரிவதற்கென்று கட்டிய பாய்லர் அது. மதியப் பள்ளம் வந்த பிறகு, பதினோரு மணிக்கு நிறுத்து, நாலு மணிக்கு ஏற்று என்று உத்தரவு வர ஆரம்பித்தது. சூடாவதும் ஆறுவதுமாக உள்ளே இருந்த குழாய்கள் நொந்துபோயின. போன வருடம் திரும்ப ஏற்றும்போது ஒரு குழாய் பிளந்து, ஆவி பீறிட்டு, பக்கத்தில் நின்ற ஃபிட்டர் முகம் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அண்ணனுக்கு வலது கை.

அண்ணன் குடும்பம் மாடியில், அவள் கீழே, ஒரே வீடு. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டதை அவள் பார்த்தாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"அத நிறுத்தி நிறுத்தி ஏத்தினா இன்னொரு தடவையும் வெடிக்கும் பாப்பா" என்றார் அண்ணன். தங்கைக்கு நாற்பது வயதானாலும் அவருக்குப் பாப்பாதான். "எனக்கு நெருப்புகூட பயமில்ல. ஆறின பாய்லர்தான் பயம்."

மறுநாள் காலை அவள் மதிய மணிகளில் நாற்பது மெகாவாட்டைக் கூட்டிப் போட்டாள். நாற்பது போதும். அந்த அளவு தேவை இருந்தால் மூன்றாம் யூனிட்டை நிறுத்த வேண்டியதில்லை, மெதுவாக ஓடவிடலாம். யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. மதியம் நிஜத் தேவை குறைவாக வந்தபோது, பெரிய சூரிய மின்சாரப் பண்ணை ஒன்றை நாற்பது மெகாவாட் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெயில்தானே, யாருக்கு வலிக்கப்போகிறது என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கணிப்பு பிசகினால் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் "எதிர்பார்த்ததைவிட வெயில் அதிகம், கூரைத் தகடுகளின் உற்பத்தி கூடுதல்" என்று எழுதினாள். அடுத்த நாளும் அதையே எழுதினாள். பதினோரு மாதம் எழுதினாள். அடைமழை பெய்த வாரத்தில் ஜன்னல் வழியே தண்ணீர் தெறிக்க உட்கார்ந்துகொண்டு வெயில் அதிகம் என்று எழுதியபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கட்டத்தை எந்த மகானுபாவர் படிக்கப்போகிறார்!

படித்தார்கள். திட்டப் பிரிவில் படித்தார்கள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் கையில் ஒரு சுற்றறிக்கையோடு கீழே இறங்கி வந்தார். அவளிடம் அவர் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. மூன்றாம் யூனிட்டை இந்த வருடக் கடைசியில் மூடிவிட்டு, அங்கே இருப்பவர்களைப் புதிய பேட்டரி நிலையத்துக்கு மாற்றப் போவதாக இருந்தது. முதல் பட்டியலிலேயே அவர் பெயர். உறுதியான பிறகு சொல்லி எல்லோரையும் அசத்தலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம் தள்ளிட்டாங்க" என்றார். இருமல் வந்தது. நிலக்கரித் தூசியில் இருபது வருடம் நின்றவரின் இருமல் சட்டென்று நிற்காது. டாக்டர் அந்த இடத்தைவிட்டுப் போகச் சொல்லி ஆறு மாதமாகிறது.

"ஏனாம்?" என்று கேட்டாள் அவள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "மதிய நேரத் தேவை நிரந்தரமாகக் குறையவில்லை. கடந்த பதினோரு மாதங்களில் காணப்பட்ட குறைவு வழக்கத்துக்கு மாறான வெயிலால் ஏற்பட்டது. சாதாரண வருடத்தில் இந்த யூனிட் தேவைப்படும்." தாளை மேசைமேல் எறிந்தார். "வழக்கத்துக்கு மாறான வெயிலாம்! இந்த வருஷம் துணி காயல. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அவன் ஊர்ல மட்டும் ரெண்டு சூரியன் போலிருக்கு."

பேசாமல் இருந்திருக்கலாம். சுற்றறிக்கையில் அவள் பெயர் இல்லை. ஆனால் அவர் மறுபடி இருமினார்.

"அண்ணா, அத எழுதினது நான்தான்."

அவர் விளையாட்டு என்றுதான் நினைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பதைச் சொன்னாள், அவர் இடது கையால் சாப்பிட்டதைச் சொன்னாள், மழை வாரத்தையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மெதுவாக மடித்தார்.

"பதினோரு மாசமா ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லல" என்றார். "கிழத்துக்கு நல்ல காலம் பொறந்துடுச்சுன்னு நெனச்சேன். பாய்லர் தெம்பா இருக்குன்னு ரிப்போர்ட் வேற எழுதிக் குடுத்தேன்."

"உங்களுக்கு நல்லது செய்யறதா நெனச்சேன்."

"என்னைக் கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியேறிப் போனார். மேலே அண்ணியின் குரல் கேட்டது.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசலை மறித்து நின்றாள். "இன்னிக்கு எழுதிக் குடுத்துடப் போறேன். எல்லாத்தையும்."

"வேலை போயிடுமே."

"போகட்டும்."

"நிஜ எண்ணைப் போட்டா கிழத்த நிறுத்தச் சொல்வாங்க. தெரியும்ல?"

"தெரியும். அதுக்குத்தான் உங்களைக் கேக்கறேன்."

அவர் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் இன்னும் பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது. "போடு" என்று சொல்லிவிட்டு டிபன்பாக்ஸை வாங்கிக்கொண்டு நடந்தார்.

தலைமைப் பொறியாளர் அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் முகம் கறுத்துவிட்டது. "யூனிட்டை மூடறதத் தள்ளிவெச்ச முடிவை நான் மாத்த முடியாது, கமிட்டி உக்காரணும். மூணு மாசமாவது ஆகும். உங்க மேல விசாரணை வரும். அதுவரைக்கும் கணிப்பு போட வேற ஆள் இல்ல. நாளையிலேருந்து ஒரு மெகாவாட்கூட கூடக் கூடாது."

கூடவில்லை. பத்து மணிக்குள் இருபத்துநாலு நிஜ எண்கள் போயின. அடுத்த நாள் பதினோரு மணிக்கு, திரைக்கு முன்னால் இருந்தவர் மூன்றாம் யூனிட்டைக் கூப்பிட்டு, நிறுத்தச் சொன்னார். மறுமுனையில் சரி என்றது யாருடைய குரல் என்று அவள் கேட்கவில்லை. திரையில் அந்த யூனிட்டின் எண் குறைந்து குறைந்து சுழியம் ஆனது. பெரிய சூரியப் பண்ணை பதினோரு மாதத்தில் முதல்முறையாகத் தடையில்லாமல் ஓடியது. பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்துச் சந்தோஷமாக விசில் அடித்தார்.

நாலு மணிக்கு ஏற்ற வேண்டும். நாலரைக்கும் சுழியம்தான். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, ஊர் கையை நீட்ட ஆரம்பித்திருந்தது. அவளுடைய டியூட்டி முடிந்து அரைமணி ஆகியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே பார்த்தாள். ஐந்தேகாலுக்கு ஏழு வந்தது. பிறகு பதினெட்டு. பிறகு நாற்பதில் வந்து அப்படியே நின்றது. பழைய பாய்லரைக் கொஞ்ச நேரம் அப்படி நிறுத்தித்தான் ஏற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு நிமிடம் கழித்து ஐம்பத்திரண்டு ஆனதும் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

கைப்பேசி அடித்தது. பின்னால் ஆவி இரைகிற சத்தத்தில் அண்ணன் கத்திப் பேசினார். "ஏத்தியாச்சு. ஒரு குழாய்ல லேசா கசிவு, மத்தபடி பரவால்ல. கை காலெல்லாம் முழுசா இருக்கு. அண்ணிக்கு நீயே சொல்லிடு."

"சரிண்ணா."

"நாளைக்கு என்ன போட்டிருக்க?"

"உள்ளதத்தான்."

"அப்ப நாளைக்கும் நிறுத்தணும்."

"ஆமாண்ணா."

அவர் இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். "சரி பாப்பா" என்றார். "நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடறேன்."

அவள் கைப்பேசியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நாளை மாலை ஐந்தரைக்கு நாடு எத்தனை மெகாவாட் கேட்கும் என்று அவளால் பிசகில்லாமல் சொல்ல முடியும். நாளை மாலை ஐந்தரைக்கு அந்தக் கைப்பேசி அடிக்குமா என்று மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.