முப்பத்தேழு அடி

டிப்ளமா என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பெண் இருக்கும் இடத்திலிருந்து முப்பத்தேழு அடிக்குள் எந்தக் கம்ப்யூட்டரும் பழுதாகாது. ஏற்கெனவே பழுதாகிக் கிடந்தால் அவள் வந்ததும் எழுந்துவிடும். இது தெரியவந்தது அவளுடைய இரண்டு வருடக் கம்ப்யூட்டர் டிப்ளமா படிப்பின் கடைசி நாளில், செய்முறைத் தேர்வில். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் காலை முழுக்க மெனக்கெட்டு முப்பது கம்ப்யூட்டர்களைத் தன் கையாலேயே கெடுத்து வைத்திருந்தார். ஒன்றில் வயரைப் பிடுங்கியிருந்தார், இன்னொன்றில் வைரஸ் ஏற்றியிருந்தார், அவளுக்கென்று ஒதுக்கியதில் மெமரியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஹால் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே கால் வைத்ததும் முப்பதும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தன. மெமரி தேர்வாளரின் பையிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடியது. அவர் மூன்று முறை திரும்பத் திரும்பக் கெடுத்துப் பார்த்தார். கடைசியில் பிளக்கையே பிடுங்கினார். திரை அணையவில்லை. "பழுதே இல்லாததை நீ என்னத்தச் சரி பண்ணினேன்னு நான் மார்க் போடுறது?" என்று கத்திவிட்டு, தேறுவதற்கு வேண்டிய மார்க்கை மட்டும் போட்டு, மற்றவர்களும் பரீட்சை எழுத வேண்டும், தயவுசெய்து தெருமுனைக்குப் போய்விடு என்று அனுப்பினார். எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

தூரத்தை அளந்தவர் அவளுடைய அப்பா. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தார், நகத்தடியில் எப்போதும் கிரீஸ். மகளுக்காவது கை அழுக்காகாத ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் அவளைப் படிக்க வைத்தார். அது இவ்வளவு அப்பட்டமாக நிறைவேறும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. டிப்போவின் டேப்பைக் கொண்டுவந்து, பழுதான பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர் எங்கே அணைகிறது, எங்கே எரிகிறது என்று மகளை முன்னும் பின்னும் நடக்கவிட்டு, முப்பத்தேழு என்று டயர் காற்றுக் கணக்கு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. உறவுக்காரர்கள்தான் பேசினார்கள். அத்தை வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து, "சும்மா வந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போயேன், பிரிண்டர் மக்கர் பண்ணுது" என்பாள். இவள் இரண்டு பஸ் மாறிப் போய் நிற்பாள். பிரிண்டர் ஓடும். இவள் திரும்பித் தெருவைத் தாண்டியதும் அது காகிதத்தை மென்று துப்பும். "உன் ரிப்பேர் பஸ் ஸ்டாப் வரைக்கும்கூடத் தாங்கலையே, என்னத்தப் படிச்சியோ" என்று அத்தை அடுத்த போனில் சொல்வாள். பிரிண்டரைக் கழற்றிப் பார்க்க விடுங்கள், உள்ளே ரோலர் தேய்ந்திருக்கும் என்று இவள் எத்தனையோ முறை சொன்னாள். ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டரை எதற்குக் கழற்ற வேண்டும் என்று அத்தை கேட்டாள்.

வேலை விளம்பரங்கள் எல்லாமே ஒரு வருட அனுபவம் கேட்டன. அந்த ஒரு வருடத்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. அலைந்து அலைந்து கடைசியில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் அவளை டெக்னீஷியனாக எடுத்தார்கள், ஆறு மாதத் தற்காலிகம். ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒற்றை மாடிக் கட்டடம் அது. கேட்டைத் தாண்டினால் பார்சல் பதியும் முன்னறை, அடுத்து கணக்குப் பிரிவு, கோடியில் மேனேஜர் அறை. முன்னறை மேசையில் ஒரு பழுதுப் பதிவேடு இருந்தது: தேதி, என்ன பழுது, சரிசெய்தவர் யார். ஐந்தாவது மாதம் மேனேஜர் அதைப் புரட்டிப் பார்த்தார். ஒரு வரிகூட இல்லை. "ஏம்மா, அஞ்சு மாசமா ஒரு கம்ப்ளெய்ண்ட்கூட வரலை. அப்புறம் எனக்கு எதுக்கு டெக்னீஷியன்?" என்று நியாயமாகவே கேட்டு அவளை நிறுத்திவிட்டார். அவள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும், அவள் இருந்த நாளெல்லாம் வராமல் காத்திருந்த பழுதுகள் அத்தனையும் மொத்தமாக வந்து இறங்கின. மறுநாளே கூப்பிட்டார்கள். பழைய கோப்பை மூடியாகிவிட்டது என்பதால் புதிய நியமனக் கடிதம், புதிய ஆறு மாதம். அடுத்த ஐந்தாவது மாதம் பதிவேடு மறுபடி காலியாக இருந்தது. இப்படியே ஐந்து வருடத்தில் பதினோரு முறை எடுத்து, பதினோரு முறை நிறுத்தினார்கள். அவளிடம் பதினோரு நியமனக் கடிதங்கள் சேர்ந்தன. ஒரு வருட அனுபவச் சான்றிதழ் என்று ஒன்று சேரவில்லை, ஏனென்றால் தொடர்ந்து ஒரு வருடம் அவள் எங்கேயும் வேலை பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் முறை கூப்பிட்டபோது அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. உள்ளே வர மாட்டேன் என்றாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது, கேட்டிலிருந்து அறுபது அடி. அங்கே உட்கார்ந்துகொண்டு மேனேஜருக்குப் போன் போட்டாள். "பழுது பழுதாவே இருக்கட்டும் சார். நீங்க கண்ணால பாருங்க. நான் இங்கேருந்து சொல்றேன், உள்ள யாராவது கையை வைக்கட்டும்." முன்னறைக்காரர்களும் கணக்குப் பிரிவும் ஷாக் அடிக்கும் என்று பின்வாங்கினார்கள். வாட்ச்மேன் மட்டும் முன்வந்தார். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த, நிதானமான மனிதர். "சொல்லு தங்கச்சி" என்று போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் வைத்துக்கொள்வார். இடது ஓரத்துத் திருகாணியைக் கழற்றுங்கண்ணே, ஃபேனில் தூசி அடைத்திருக்கும் ஊதுங்கண்ணே, நீல எழுத்தில் என்ன வருகிறது படியுங்கண்ணே என்று அவள் சொல்லச் சொல்ல, முதல் நாளே ஏழு கம்ப்யூட்டர்கள் பிழைத்தன. தான் படித்ததெல்லாம் உண்மைதான் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அழுதாள். தன் மெஷின்கள் ஒரு வருடமாகப் பேப்பர் சிக்காமல் ஓடிய சந்தோஷத்தில் கடைக்காரர் அவளுக்கு முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார். அந்த வருடம் பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் ஏறின.

வருடம் முடிந்ததும் சான்றிதழ் கேட்டுப் போனாள். மேனேஜர் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். சரிசெய்தவர் என்ற இடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு முறையும் வாட்ச்மேன் என்றே இருந்தது. கை வைத்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. "நான் சொல்லித்தானே சார் அவர் பண்ணினாரு" என்றாள். "போன்ல பேசினதெல்லாம் அனுபவமாம்மா? அப்படிப் பார்த்தா என் வீட்டுக்காரிக்குத்தான் முதல்ல குடுக்கணும்" என்றார் மேனேஜர். ஒரு வருட அனுபவம் முறைப்படி பூர்த்தியானதால் வாட்ச்மேன் டெக்னீஷியன் ஆனார், நிரந்தரமாக. அவர் வேண்டாம் வேண்டாமென்று எவ்வளவோ மன்றாடினார், உத்தரவு வந்தாகிவிட்டது. காலியான வாட்ச்மேன் வேலைக்கு அனுபவம் தேவையில்லை என்று விதியில் இருந்ததால் அதை இவளுக்குக் கொடுத்தார்கள். ஏன் ஒத்துக்கொண்டாள் என்று கேட்பவர்கள், ஆறு வருடம் வேலை தேடிப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். ஜெராக்ஸ் கடை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட் ஓரம் போட்டு உட்கார்ந்தாள்.

அங்கிருந்து மேனேஜரின் மேசை சரியாக முப்பத்தேழு அடி. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தால் மேனேஜரின் திரை எரியும், சாய்ந்தால் அணையும். இதனால் அவள் சாயக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போனது. டெக்னீஷியனுக்குச் செய்ய வேலையே இல்லை. மாதக் கடைசியானால் அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கு வருவார். "தங்கச்சி, பதிவேடு காலியா இருக்கு, திட்டுவாங்க. ஒரு ரெண்டடி தள்ளி உக்காரேன்." அவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வாள். மேனேஜர் அறைக் கம்ப்யூட்டர் நின்றுபோகும். அவர் உள்ளே ஓடிப் போன் போடுவார், அவள் சொல்லுவாள், அவர் சரிசெய்வார், அவரே கையெழுத்துப் போடுவார். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபத்தை யார்மேல் காட்டுவது என்றே தெரியாமல் நாலு வருடம் போனது. அப்பா ஓய்வு பெற்றார். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களிடம் கம்ப்யூட்டர் சம்பந்தமாக என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அதன் பிறகு ஆபீஸில் இரண்டாவது டெக்னீஷியன் பணியிடம் ஒன்று வந்தது. அவள் விண்ணப்பித்தாள். நேர்காணலில் மேனேஜர் கோப்பைப் பார்த்து, கேட்டில் நாலு வருட அனுபவம் நன்றாக இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லையே என்றார். பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்த டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்து வெளியே வந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தரதரவென்று பின்னால் இழுத்துக்கொண்டே நடந்தாள். முதல் அடியிலேயே மேனேஜர் அறை இருண்டது. பன்னிரண்டு அடியில் கணக்குப் பிரிவு போனது. நடு ரோட்டைத் தாண்டும்போது முன்னறையும் நின்றது; நாலு வருடமாக வராத பழுதுகள் ஒன்றாக வந்ததில் சில கம்ப்யூட்டர்கள் புகைந்தன. எதிர்ச் சாரியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் முறையாக நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

மேனேஜர் கேட்டுக்கு ஓடி வந்து, "ஏம்மா, உள்ள வாம்மா, பேசிக்கலாம்" என்று கூப்பிட்டார். "லெட்டர் குடுங்க சார். டெக்னீஷியன்னு போட்டு, நிரந்தரம்னு போட்டு, பத்து வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்த தேதி போட்டுக் குடுங்க. நீங்க நிறுத்திவச்ச நாளும் சேர்த்து." எதை வைத்து அப்படிப் போடுவது, ஆதாரம் வேண்டாமா என்றார் அவர். அப்போது டெக்னீஷியன் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, ரோட்டோரத்தில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்திலிருந்து தன் பெயரை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் டிப்ளமா, டிப்ளமா என்று எழுதிக்கொண்டே போனார். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பார்சல் போட வந்த கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. அவள், "போதும் அண்ணே, கை வலிக்கும்" என்றாள். அவர் கேட்கவில்லை.

கடிதம் அடிக்க வேண்டும், ஆனால் அடிக்கக் கம்ப்யூட்டர் இல்லை. ஆகவே அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, முன்னறை மட்டும் எட்டுகிற இடத்துக்கு ஓரடி முன்பே நின்று, வலது காலை ஒரு எட்டு முன்னால் வைத்தாள். முன்னறைக் கம்ப்யூட்டர் ஒன்று விழித்தது. மேனேஜர் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். டெக்னீஷியன் ஜன்னலில் நின்று பார்த்துச் சொன்னார். "தற்காலிகம்னு அடிக்கிறாரு தங்கச்சி!" அவள் காலை எடுத்தாள், திரை இருண்டது. மறுபடி வைத்தாள். "தேதியை மாத்திப் போடுறாரு!" எடுத்தாள். மூன்றாம் முறை ஜன்னலிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிரிண்டர் முனகி, ஒரு தாளை வெளியே தள்ளியது. மேனேஜர் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, தானே ரோட்டைக் கடந்து கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஜெராக்ஸ் கடையில் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அப்பா பழைய டேப்போடு வந்தார். கட்டடம் முழுவதும் அடங்குகிற மாதிரி, அவள் சாய்ந்தாலும் எதுவும் அணையாத மாதிரி, முன்னறைக்கும் கணக்குப் பிரிவுக்கும் நடுவில் ஓர் இடத்தை அளந்து, மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டார். நாற்காலி அங்கேதான் இருக்கிறது. பதிவேட்டில் அதற்குப் பிறகு ஒரு வரியும் ஏறவில்லை; யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பழைய டெக்னீஷியன் தன் விருப்பப்படி கேட்டுக்கே திரும்பிவிட்டார். அவள் எப்போதாவது விடுப்பு எடுத்தால் காலையில் ஒரு பலகையைக் கேட்டில் மாட்டுவது அவர் வேலை. இன்று டிப்ளமா விடுப்பு, ஆபீஸ் இல்லை என்று அதில் எழுதியிருக்கும். பார்சலோடு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, சரி, நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போவார்கள்.